சிவபாதம் அண்ணையும் கிங் வீதிக் கற்களும்

சென்ற மாசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. காலை பத்து மணி இருக்கும். டொன் நதிப் பாலம் ஒன்றின் வரைபடத்தை அலுவலக மேசையில் விரித்து, துருப்பிடித்த இடங்களுக்குச் சிவப்பு மையால் வட்டம் போட்டுக்கொண்டிருந்தேன். தொலைபேசி அடித்தது. மறுமுனையில் யோகன். சிவபாதம் அண்ணையோடு இங்கே கனடாவில், மல்வேர்னில், ஒரே பேஸ்மென்ற் வீட்டில் வாடகைக்கு இருந்தவர். அவர் அதற்கு முன்னர் என்னை ஒருபோதும் அழைத்ததில்லை.

"அக்கா, சிவபாதம் அண்ணை மோசம் போட்டார். விடிய ஷிஃப்ற் வேலைக்குப் போகேக்கை பிறம்ரன் பஸ் ஸ்ரொப்பில விழுந்திட்டாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முதலே முடிஞ்சுது."

"எந்தச் சிவபாதம்?" என்று கேட்டேன். எனக்கு ஒரேயொரு சிவபாதத்தைத்தான் தெரியும்.

 "உங்கட சிவபாதம் அண்ணைதான் அக்கா," என்றார். நான் அவரைக் கண்டு நான்கு மாதமாகியிருந்தது. அந்த நான்கு மாதமும் நான் ஏன் அவரைப் பார்க்கப் போகவில்லை என்பதையும் இங்கே எழுதத்தான் வேண்டும். எழுதாவிட்டால் இது அவரைப் பற்றிய கட்டுரையாக இருக்காது.

இதை வாசிப்பவர்களில் பலர் அவரை அறிவீர்கள். சிலர் கிளிநொச்சியில், வீதித் திணைக்களத்துத் தொழில்நுட்ப உத்தியோகத்தராக அறிந்திருப்பீர்கள். சிலர் ஸ்காபரோக் கோயில் திருவிழாவில், வாசலில் குவிந்து கிடக்கும் சப்பாத்துகளைச் சோடி சேர்த்து அடுக்கும் உயர்ந்த மெலிந்த மனிதராகக் கண்டிருப்பீர்கள். "ஆள் நல்லவர்தான், ஆனால் கொஞ்சம் தலைக்கனம். நாங்கள் ஒண்டு கேட்டால் தான் வேற ஒண்டு சொல்லிக்கொண்டு போவார்," என்று ஒருவர் சொன்னதை என் காதாலேயே கேட்டேன். அன்றைக்கு அவருக்கு நான் மறுமொழி சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்கிறேன்.

எங்கள் கம்பனி சிறியது. பழைய கட்டடங்களின் கல் முகப்புகளையும் பழைய பாலங்களையும் பரிசோதித்து அறிக்கை கொடுப்பது வேலை. அலுவலகம் கிங் வீதியின் கிழக்கு முனையில், டொன் நதிக்குப் பக்கத்தில், ஒரு செங்கல் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருக்கிறது. அங்கே படவரைஞராகச் சேர்ந்த முதல் நாள் எனக்கு யாரும் வேலை தரவில்லை. அங்கே கற்களைப் பரிசோதிப்பவராக இருந்த சிவபாதம் அண்ணைதான் வந்து, "பிள்ளை, கோட்டைப் போடும். நீர் கீறப்போற கட்டடங்களை முதல்ல நடந்து பார்ப்பம்," என்றார்.

யங் வீதிச் சந்திக்குப் போனோம். அங்கேதான் இந்த நகரத்தின் முதல் வானளாவிகள் நிற்கின்றன. அவற்றில் ஒன்றின் பெயரைச் சொல்லி, "இது ஒரு காலத்தில பிரித்தானிய சாம்ராச்சியத்திலேயே உயரமாம். நான் கனடா வந்து ரெண்டு வருசம் இதுக்குள்ளதான் கிளீனிங் செய்தனான். முன்வாசல் எப்பிடி இருக்குமெண்டு எனக்குத் தெரியாது. எங்களுக்குப் பின்பக்க லிஃப்ற்," என்றார். சொல்லிவிட்டு முன்வாசல் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். நான் தயங்கித் தயங்கிப் பின்னால் போனேன்.

காவலாளி வந்து என்ன வேண்டும் என்று கேட்டார். "கூரையைப் பார்க்க வந்தோம்," என்றார் அண்ணை, நல்ல ஆங்கிலத்தில். காவலாளியும் அண்ணாந்து பார்த்தார். தங்கப் பூச்சுப் பூசிய சதுரம் சதுரமான கூரை. மூன்று பேரும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றோம். "ஐந்து வருடமாக இங்கே நிற்கிறேன், மேலே பார்த்ததேயில்லை," என்றார் காவலாளி. வெளியே வந்ததும் அண்ணைக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "கண்டீரோ? அவனும் எங்களை மாதிரித்தான். வாசல் மட்டும்தான் வேற."

அங்கிருந்து கிழக்கே, குயீன் வீதிப் பாலம் வரை நடந்தோம். பாலத்தின் இரும்புச் சட்டங்களுக்குக் கீழே டொன் நதி மண்ணிறமாக ஓடிக்கொண்டிருந்தது. "உதை ஆறு எண்டு சொல்லக் கூச்சமாக் கிடக்கு," என்றார். "இரணைமடு வாய்க்கால் இதைவிட அகலம். ஆனால் பிள்ளை, இந்த ஆத்துக்கு இவங்கள் எத்தினை பாலம் கட்டியிருக்கிறாங்கள் பாரும். ஒவ்வொண்டையும் பெயர் எழுதி, கணக்கு வைச்சுப் பார்க்கிறாங்கள். எங்களிட்டை இருந்த ஒரு பாலத்தைச் சண்டையில மூண்டுதரம் உடைச்சாங்கள். மூண்டுதரமும் திரும்பக் கட்ட நான்தான் எஸ்ரிமேற் போட்டனான்."

அவருடைய வேலையை நான் விளக்க வேண்டும். இந்தப் பழைய உயரக் கட்டடங்களின் எலும்பு இரும்பு. மேலே தெரியும் கல், அந்த இரும்பில் மாட்டிய உடுப்பு மாதிரி. எண்பது வருட மழை உள்ளே இறங்கி இரும்பு துருப்பிடித்தால், துரு ஊதிக் கல்லை வெளியே தள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒரு சின்ன மரச் சுத்தியலால் ஒவ்வொரு கல்லையும் தட்ட வேண்டும். இறுகியிருக்கும் கல் கணீரென்று சொல்லும். பின்னால் வெடித்திருக்கும் கல் பழுத்த பூசணிக்காய் மாதிரிப் பொத்தென்று சொல்லும். கம்பிகளில் தொங்கும் மேடையில் நின்று அவர் தட்டுவார். பக்கத்தில் நின்று நான் வரைபடத்தில் குறிப்பேன். மேடையை ஏற்றி இறக்கும் தொழிலாளி மறுமுனையில் நிற்பார். ஒரு முகப்பில் ஆயிரக்கணக்கான கற்கள் இருக்கும். அவர் ஒன்றையும் விட்டதில்லை. "தட்டாத கல்லுக்குக் கையெழுத்து வைக்கேலாது," என்பார். கீழே நடைபாதையில் போகிறவர்களைக் காட்டி, "உவையள் ஒருத்தரும் மேல பார்க்கிறேல்லை. பார்க்கத் தேவையில்லை. அதுக்குத்தானே நாங்கள்," என்பார்.

எனக்கு உயரம் பயம். முதல் தடவை மேடை ஆடியபோது கண்ணை மூடிக்கொண்டேன். ஒரு பழைய கோபுரத்தின் உச்சியில் ஆள் உயரத்தையும் மிஞ்சிய கல் முகங்கள் நாலு பக்கமும் பார்த்துக்கொண்டிருக்கும். தாடி வைத்த முகங்கள். அங்கே போய்ச் சேர்ந்தபோது அவர், "பிள்ளை, கண்ணைத் திறந்து இவரைப் பாரும். எங்கட கிளிநொச்சிக் கந்தோர்ப் பெரிய கிளாக்கர் அச்சொட்டா உப்பிடித்தான். லீவுக் கடிதம் நீட்டினால் இதே பார்வை," என்றார். சிரித்தேன். சிரித்தபோது பயம் குறைந்தது.

இப்போது பாலத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். சேர்ந்து ஒரு வருடம் போயிருக்கும். குயீன் வீதிப் பாலத்தின் மேற்சட்டத்தை நடைபாதையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். இன்னும் கொஞ்சம் தள்ளி நின்றால் நன்றாகத் தெரியும் என்று அவர் நடைபாதையை விட்டுப் பின்பக்கமாகவே இறங்கித் தண்டவாளத்தில் நின்றார். ஸ்ரீட்கார் என்ற வீதி ரயில் வந்துகொண்டிருந்தது. மணியை அடித்தது. மறுபடியும் அடித்தது. விடாமல் அடித்தது. அவர் அண்ணாந்தபடியே நின்றார். நான் ஓடிப்போய்க் கோட்டைப் பிடித்து இழுத்தேன். இரண்டு பேரும் நடைபாதை விளிம்பில் விழுந்தோம். சாரதி கண்ணாடியைத் திறந்து ஏசிவிட்டுப் போனார்.

"என்ன அண்ணை, மணி கேக்கேல்லையோ?" என்று கத்தினேன்.

அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "இல்லைப் பிள்ளை. கேக்கேல்லை," என்றார்.

அப்படியே விளிம்பில் உட்கார்ந்து சொன்னார். வலது காது ஊரிலேயே போய்விட்டது. கந்தோருக்குப் பக்கத்தில் செல் குண்டு விழுந்த நாளில். இடது காது நன்றாக இருந்தது. ஒரு வருடமாக அதுவும் குறைந்து வருகிறது. மிக அருகே நின்று சொன்னால்தான் விளங்கும். 

"டொக்ரரிட்டைப் போகேல்லையோ?"

"போனனான். மிசின் போடச் சொன்னவர். தட்டிக் கேக்கிற வேலைக்காரன் காதில மிசினோட நிண்டால் ஆர் பிள்ளை வேலை தருவினம்?" சுத்தியலைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கையும் கொஞ்சம் கேக்கும். சுத்தியல் திரும்பி உதைக்கிற விதத்தில பெரிய கல்லுகள் விளங்கும். சின்னக் கல்லுகள்தான் விளங்கிறேல்லை. கமலாவும் வாணியும் வந்து இறங்குமட்டும்தான். வந்திறங்கின அடுத்த நாள் நானே ஜோர்ஜிட்டைப் போய்ச் சொல்லிப்போடுவன்."

ஜோர்ஜ் எங்கள் மேலாளர். கமலா அக்கா அவருடைய மனைவி, வாணி மகள். இருவரும் யாழ்ப்பாணத்தை விட்டு வந்து கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜ் அறையில் விசாவுக்காகக் காத்திருந்தார்கள். குடும்பத்தைக் கூப்பிட ஸ்பொன்சர் செய்பவருக்கு நிரந்தர வேலை இருக்க வேண்டும். அதைக் காட்ட வேலைத்தலத்துக் கடிதம் வேண்டும். அவருடைய கையில் இருந்தது அந்த ஒரு வேலைதான். அவர் வாணியைக் கடைசியாகப் பார்த்தபோது அவளுக்கு ஏழு வயது. நாங்கள் அந்தப் பாலத்தில் உட்கார்ந்திருந்த அன்று பதின்மூன்று.

நானும் என் கணவருடைய விசாவுக்காக மூன்று வருடம் தபால் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தவள். அதுவரை நானும் மறைத்து, அவருக்காகக் கேட்கிறேன் என்று சொல்லிவிட்டேன். யோசிக்கக்கூட இல்லை.

அன்றிலிருந்து மேடையில் நான் அவருடைய இடது பக்கம் நின்றேன். அவர் தட்டுவார், நான் கேட்பேன். கல் பொத்தென்று சொன்னால் அவருடைய முழங்கையைத் தொடுவேன். அவர் சோக்கட்டியால் குறி போடுவார். மறுமுனையில் நின்ற தொழிலாளிக்குக் கடைசிவரை தெரியாது. "என்ர காது இப்ப உம்மட்டை வாடகைக்கு நிக்குது," என்பார். "வாடகையை எப்பிடித் தரப்போறியள்?" என்று கேட்டால், மதியச் சாப்பாட்டுப் பெட்டியிலிருந்து ஒரு மட்டன் ரோலை எடுத்து நீட்டுவார். "நேற்றையான் ரோல் அண்ணை இது," என்பேன். "நேற்றையான் காதுக்கு நேற்றையான் ரோல்தான்."

இரண்டு வருடம் அப்படிப் போனது. அந்த இரண்டு வருடத்தில் நாங்கள் ஒரு பிழையும் விடவில்லை. அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. பிழை விடாதபடியால்தான், செய்வது பிழை என்பதை மறந்துவிட்டோம் என்று சொல்கிறேன்.

ஒருநாள் கமலா அக்கா அலுவலகத்துக்கே அழைத்துவிட்டார். அண்ணை ரிசீவரை இடது காதில் அழுத்திப் பிடித்துக்கொண்டு இடைவெளியே விடாமல் கதைத்தார். "ஓம் ஓம். சுகமா இருக்கிறன். குளிர்தான். வாணி படிக்கிறாளோ? நல்லது, நல்லது. உடம்பைப் பாருங்கோ. பேப்பர் எல்லாம் சரி வரும். யோசிக்காதையுங்கோ." தானே கேள்வி கேட்டுத் தானே நல்லது என்று சொல்லி முடித்தார். ரிசீவரை வைத்த பிறகும் கையை அதன்மேலிருந்து எடுக்கவில்லை.

"அக்கா என்ன சொன்னவ?" என்று அருகில் போய்க் கேட்டேன்.

"நல்லா இருக்கினமாம்."

"அண்ணை, அடுத்தமுறை நான் கேட்டு உங்களுக்குச் சொல்லட்டோ?"

சிரித்தார். "புருசன் பெண்சாதி கதைக்கிறதுக்கு நடுவில ஆள் வைக்கிறதோ பிள்ளை?"

"அப்ப அவவுக்காவது சொல்லுங்கோவன்."

"அங்கை தனியப் பொம்பிளைப் பிள்ளையோட இருக்கிறவ. இஞ்சை இருக்கிறவனுக்குக் காது போட்டுது எண்டு தெரிஞ்சால் அங்கை நித்திரை கொள்ளுவாவோ? வந்தாப் பிறகு பக்கத்தில இருந்து கதைக்கட்டும். ஆறுதலா எல்லாம் கேக்கிறன்."

பிறகு சென்ற புரட்டாசி வந்தது. யங் வீதிக்கு அருகில் பதினைந்து மாடிப் பழைய கட்டடம் ஒன்று. முகப்பில் பெரும்பகுதியை முடித்துவிட்டோம். வாசலுக்கு நேர் மேலே இருந்த பூவேலைக் கற்கள் மட்டும் மிச்சம். அடுத்த நாள் என் அப்பாவின் திவசம். நான் லீவு எடுத்தேன். மிச்சக் கற்களை நான் திரும்பி வந்த பிறகுதான் தட்டுவார்கள் என்று நினைத்திருந்தேன். மேடையை வேறு கட்டடத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்று சொல்லி, நான் இல்லாத அன்றைக்கே அவரை ஏற்றிவிட்டார்கள். வரைபடத்தில் குறிக்க வேறொருவர் போனார். அவர் மேடையின் மறுமுனையில் நின்றார்.

மறுநாள் நான் வந்தபோது அண்ணை அந்தத் தாளை முன்னால் வைத்துக்கொண்டு கோட்டுடனேயே உட்கார்ந்திருந்தார். எல்லாக் கல்லுக்கும் நேரே 'நல்லது' என்று குறித்திருந்தது. கீழே கையெழுத்துக்கான இடம் வெறுமையாக இருந்தது. நடைபாதைக்கு மேலே பாதுகாப்புக்காகப் போட்டிருந்த மரக்கூரையை, அந்தக் கையெழுத்து விழுந்தவுடன் கழற்றிவிடுவார்கள்.

"தட்டினனான் பிள்ளை. எல்லாம் ஒரே மாதிரித்தான் கேட்டுது. எல்லாம் ஒண்டும் கேக்காத மாதிரி."

அவருக்கு முன் மேசையில் இன்னொரு கடிதமும் கிடந்தது. கமலா அக்காவுக்குக் கொழும்பில் நேர்முகம். இன்னும் ஐந்து கிழமை. வேலைத்தலத்துக் கடிதத்தைப் புதிதாக எடுத்து அனுப்பச் சொல்லி எழுதியிருந்தது. 

நான் கதிரையை இழுத்து அவருடைய இடது காதோடு போட்டு உட்கார்ந்தேன். நான் அன்று சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அண்ணை, சைன் பண்ணுங்கோ. அடுத்த கிழமை நான் ஏதாவது சாட்டுச் சொல்லி ஏறிப் பார்க்கிறன். எண்பது வருசம் நிண்ட கல்லு ஒரு கிழமையில விழப்போறேல்லை."

தலையை ஆட்டி மறுத்தார்.

"அப்ப, காத்து அடிச்சது, வடிவாக் கேக்கேல்லை எண்டு சொல்லுங்கோ. திரும்பி ஏத்துவினம். நான் வாறன்."

"இண்டைக்குக் காத்து எண்டு சொல்லுவன். அடுத்தமுறை மழை எண்டு சொல்லுவன். பிறகு எனக்கே நம்பிக்கை வந்திடும் பிள்ளை."

"வாணியை யோசியுங்கோ அண்ணை." அதையும் நான்தான் சொன்னேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அவருக்குக் கோபம் வந்து நான் கண்டது அந்த ஒருமுறைதான். "அந்த வாசலால போற பிள்ளையளுக்கும் தேப்பன் இருக்கு," என்றார். தாளை எடுத்துக்கொண்டு ஜோர்ஜின் அறைக்குப் போனார். நானும் பின்னால் போனேன்.

ஜோர்ஜிடம் நின்றபடியே சொன்னார். "எனக்குக் காது கேட்பதில்லை. இரண்டு வருடமாக மறைத்தேன். இந்தக் கற்களைத் திரும்பத் தட்ட வேண்டும்." ஜோர்ஜ் நம்பமுடியாமல், அப்படியானால் இந்த இரண்டு வருட அறிக்கைகளும் எப்படிச் சரியாக வந்தன என்று கேட்டார். கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். அண்ணைக்கு அந்தக் கேள்வி கேட்டிருக்காது. ஆனால் ஜோர்ஜின் கண் போன திசையை அவர் கண்டார். உடனே, "கையால் உணர்ந்தேன். இவளுக்கு ஒன்றும் தெரியாது," என்றார்.

நான் அந்த அறையில் நின்றேன். வாய் திறக்கவில்லை.

அடுத்த நாள் வேறொருவர் ஏறித் தட்டினார். வாசலுக்கு மேலே இரண்டு கற்கள் பொத்தென்று சொல்லின. கையாலேயே கழற்றி இறக்கினார்களாம். ஜோர்ஜ் கெட்டவர் இல்லை. அண்ணையை அன்றே வெளியே அனுப்பவில்லை. அரைநாள் வேலை கொடுத்து, பழைய வரைபடங்களை அடுக்கும் அறையில் விட்டார். நகரமெங்கும் கட்டட வேலை படுத்துக் கிடந்த காலம். மூன்று கிழமையில் அந்த அரைநாளும் இல்லாமல் போனது. நேர்முகத்துக்கு நல்ல கடிதம் போகவில்லை. விசாக் கோப்பைத் தள்ளிவைத்தார்கள்.

கடைசி நாள் அவர் தன் சாமான்களை ஒரு பையில் போட்டுக்கொண்டு என் மேசைக்கு வந்தார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "நீர் வாய் திறக்காதது நல்லது," என்றார். "ரெண்டு பேரும் போயிருந்தால் என்ன லாபம்?" அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. குத்தலாகச் சொல்லியிருந்தால் நான் அழுதிருப்பேன், மன்னிப்புக் கேட்டிருப்பேன், அவருடைய வீட்டுக்குப் போயிருப்பேன். அவர் நன்றாகச் சொன்னபடியால் எனக்குப் போக முகமில்லை. பிறம்ரனில் ஒரு வெயர்ஹவுசில் வேலை கிடைத்து மல்வேர்னிலிருந்து மூன்று பஸ் மாறிப் போகிறார் என்று யோகன் யாருக்கோ சொன்னதைக் கேள்விப்பட்டேன். விடியற்புறம் நாலு மணிக்கு எழும்புகிறாராம். திரும்பவும் கடிதம் எடுத்துக் கோப்பை அசைக்கப் பார்க்கிறாராம். நான் ஒருநாள் போய்ப் பார்க்க வேண்டும் என்று நான்கு மாதம் நினைத்தேன்.

ஈமச்சடங்கு ஸ்காபரோவில் நடந்தது. கமலா அக்காவும் வாணியும் வர வழி இல்லை. மண்டபத்துக் காரியாலயத்திலிருந்து தொலைபேசியை நீளமான வயரோடு உள்ளே இழுத்து வந்து, ரிசீவரைச் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஒருவரைக் கேட்டார்கள். நான் பிடித்தேன். தேவாரம் முடியும்வரை பிடித்தேன். கொழும்பில் இரண்டு பெண்கள் அழும் சத்தம் என் உள்ளங்கைக்குள் கேட்டுக்கொண்டிருந்தது. வாணி "அப்பா, அப்பா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் ரிசீவரை இன்னும் கிட்டக் கொண்டுபோனேன். பழக்கத்தில், இடது காதுப் பக்கமாகக் கொண்டுபோனேன்.

யோகன்தான் கொள்ளிக்குப் பதிலாகத் தகன அடுப்பின் பொத்தானை அமத்தினார். எல்லாம் முடிந்த பிறகு ரிசீவரை என் காதில் வைத்தேன். 

"ஆர் கதைக்கிறது?" என்று கமலா அக்கா கேட்டார். பெயரைச் சொன்னேன். கூட வேலை செய்தவள் என்று சொன்னேன்.

"தங்கச்சி, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். என்னட்டை மறைக்காமல் சொல்லுங்கோ. அவருக்கு அங்கை வேற ஆரும் இருந்தவையோ?"

எனக்கு விளங்கவில்லை. "ஏன் அக்கா அப்பிடிக் கேக்கிறியள்?"

"ரெண்டு வருசமா நான் கேக்கிற ஒண்டுக்கும் மறுமொழி இல்லை. நான் ஒண்டு கேப்பன். அவர் தன்ர பாட்டுக்கு வேற கதைப்பார். வாணிக்கு டெங்கு வந்து கிடக்குது எண்டு அழுதன். 'நல்லது, நல்லது' எண்டார். மாறிப்போனார் எண்டு நினைச்சன். போன மாதம் எடுக்கேக்கை, இனி எங்களுக்கு ஃபோன் எடுக்கவே வேண்டாம், நாங்கள் செத்திட்டம் எண்டு நினைச்சுக்கொள்ளுங்கோ எண்டு சொல்லிப்போட்டன். அதுக்கும் சிரிச்சார் தங்கச்சி. சிரிச்சுக்கொண்டு, 'சரி சரி, உடம்பைப் பாருங்கோ' எண்டார்."

 "அக்கா, அவருக்குக் காது கேக்கிறேல்லை," என்றேன். "ரெண்டு வருசமாக் கேக்கிறேல்லை. நீங்கள் பயந்திடுவியள் எண்டு சொல்லேல்லை. நீங்கள் வந்தாப் பிறகு பக்கத்தில இருத்தி எல்லாம் கேக்கிறன் எண்டவர்."

  மிகச் சின்னக் குரலில், "அப்ப நான் கடைசியாச் சொன்னது?" என்று கேட்டார்.

"கேட்டிராது அக்கா."

"வடிவாத் தெரியுமோ?"

"வடிவாத் தெரியும். அவருக்குக் கேட்டிராது."

கமலா அக்கா அப்போதுதான் வாய்விட்டு அழுதார்.

இந்தக் கட்டுரையை அனுப்புவதற்கு முன் ஜோர்ஜின் அறைக்குப் போய், அந்த இரண்டு வருடமும் கேட்டது என் காதுதான் என்று சொன்னேன்.  "அன்றைக்கே சொல்லியிருந்தால் உங்கள் இருவரையும் சோடியாகவே வைத்திருப்பேன்," என்றார். "ஒருவர் தட்டவும் ஒருவர் கேட்கவும் ஆள் போடுவது ஒன்றும் புதிதல்ல." உண்மையில் அப்படிச் செய்திருப்பாரா, இப்போது சொல்வது சுலபம் என்று சொல்கிறாரா, எனக்குத் தெரியாது. இனி ஒருபோதும் தெரியவும் வராது. அதோடுதான் வேலைக்குப் போய் வருகிறேன்.

அவர் இல்லாதபடியால் அந்த விசாக் கோப்பை மூடிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது நான் வெள்ளவத்தைக்கு அழைக்கிறேன். இரண்டு வருடமாக மறுமொழி கிடைக்காத கேள்விகளைக் கமலா அக்கா ஒவ்வொன்றாகக் கேட்கிறார். அவர் தங்கியிருந்த அறையில் சன்னல் இருந்ததா? யார் சமைத்தது? கோட்டு தடிப்பானதா? தான் அனுப்பின பருத்தித்துறை வடை உடையாமல் வந்து சேர்ந்ததா? எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். தெரியாததை யோகனிடம் கேட்டு அடுத்த ஞாயிறு சொல்கிறேன். அவருக்கும் தெரியாததைத் தெரியாது என்கிறேன்.

போன ஞாயிறு கேட்டார்: "அந்த ஒஃபீசில அண்டைக்கு அவருக்காக ஒருத்தரும் ஒரு வார்த்தை கதைக்கேல்லையோ தங்கச்சி?"

"இல்லை அக்கா," என்றேன். "நான் பக்கத்தில நிண்டனான். நான்தான் கதைச்சிருக்க வேணும். கதைக்கேல்லை."

 ரிசீவரை வைக்கும் சத்தம் கேட்டது.

சிவபாதம் அண்ணையிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொண்டது இது ஒன்றுதான்: கேட்டால் உள்ளதைச் சொல்வது, சொன்னால் என்ன போகும் என்று தெரிந்த பிறகும். அவர் அதை ஒரு புரட்டாசிக் காலையில், கோட்டைக்கூடக் கழற்றாமல் செய்தார். எனக்கு அதற்கு ஆறு மாதமும் ஒரு சாவும் தேவைப்பட்டன. வரும் ஞாயிறும் அதே நேரத்துக்கு அழைப்பேன். கமலா அக்கா எடுப்பாரோ தெரியாது.